கருந்திரையின் முன் இரண்டு நிமிடம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சர்வர் முரண்டு பிடிக்கிறது, எதிரே கட்டளை அடிக்கும் கருந்திரை, எதைத் தட்டிப் பார்ப்பது என்று கேட்கிறீர்கள். என் மனதுக்கு மிகவும் நெருங்கிய கேள்வி இது. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணினி அறையில் தொடங்கி, பிறகு ஒரு மருத்துவமனையிலுமாக 24 ஆண்டுகள் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொண்டவள் நான். அதனால் இம்முறை மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கே முழு இடத்தையும் கொடுக்கிறேன்.

கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கே: எங்கள் ஆய்வக சர்வர் வாரத்துக்கு ஒருமுறையாவது ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் நின்றே போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. நாற்பது மாணவர்கள் காத்திருக்கும்போது வேறு என்ன செய்வது? ரீஸ்டார்ட் செய்வது தவறா?
– கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், நாகர்கோவில்

ப: தவறில்லை. ஆனால் அதற்கு முன் இரண்டே நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் பெருக்கிக் கழுவிவிடுவது போன்றது ரீஸ்டார்ட். வீடு சுத்தமாகிவிடும். அடுத்த வாரம் திருடன் அதே ஜன்னல் வழியாக மீண்டும் வருவான்.

நூற்பாலையில் நாங்கள் இந்தத் தவற்றைச் செய்தோம். சம்பளப் பட்டியல் போடும் சர்வர், மாதத் தொடக்கத்தில் வேலை அதிகமாகும் நாளில் அப்படியே உறைந்துவிடும். மூன்று மாதம் தொடர்ந்து அணைத்துப் போட்டோம். நான்காவது மாதம் நான் சுவிட்சுக்குக் கையை நீட்டியபோது எங்கள் துறையின் மூத்தவர் தடுத்தார். “முதலில் எழுதிக்கொள், பிறகு அணை” என்றார். 'டிமெசேஜ்' தட்டினோம். டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்து எழுத்துகள். லினக்ஸின் மையக்கருவான கெர்னல் தன் நினைவகத்தில் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும் கட்டளை அது. திரை முழுவதும் ஒரே டிஸ்க்கைப் பற்றிய படிப்புப் பிழைகள். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்ததால் அந்தச் செய்திகள், நடப்பவற்றைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் ஏறவே இல்லை. நினைவகத்தில் மட்டும் இருந்தன. முந்தைய மூன்று மாதமும் அவற்றை நாங்களே எங்கள் கையால் அழித்திருக்கிறோம். அன்றிரவே தரவுகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு அந்த டிஸ்க்கில் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

ஆகவே அணைப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் 'அப்டைம்': எவ்வளவு நேரமாக ஓடுகிறது, சுமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். அடுத்து 'டிமெசேஜ் -டி | டெய்ல்'. இங்கே கோடுக்குப் பின் வரும் டி (T) பெரிய எழுத்து. நேரத்தைப் படிக்கக்கூடிய வடிவில் காட்டும். பிறகு 'விஎம்ஸ்டாட் 1'. நொடிக்கொரு வரி வரும்; பத்து வரி வரவிட்டு, கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். முதல் வரியை மட்டும் நம்பாதீர்கள். அது சர்வர் எழுந்தது முதலான சராசரி. இரண்டாவது வரியிலிருந்துதான் இந்த நொடியின் நிலை தெரியும். பிறகு நினைவக இருப்புக்கு 'ஃப்ரீ -எம்', கடைசியாக டிஸ்க் இடத்துக்கு 'டிஎஃப் -எச்' (df -h).

இவற்றை எல்லாம் புரிந்துகொள்ள அப்போது நேரம் இருக்காது. கைபேசியில் திரையைப் படம் எடுத்துக்கொண்டு அணையுங்கள். மாணவர்கள் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து படிக்கலாம். மூன்று வாரப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கே: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. ஓடும் நிரல்களைக் காட்டும் 'டாப்' திரையில் நேற்று லோட் 14 என்று காட்டியது. எங்கள் சர்வரில் 4 கோர்கள்தான். ஆனால் சிபியு 92 சதவீதம் சும்மா இருப்பதாகவும் அதே திரை சொல்கிறது. டபிள்யூஏ என்ற எண் 0. எது பொய்?
– இளம் பணியாளர், சென்னை

ப: இரண்டும் உண்மை. சும்மா இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு “சிபியு நன்றாக இருக்கிறது” என்று பலர் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் நின்று கேட்டீர்கள். அதற்காகவே இந்தப் பதிலைச் சற்று நீட்டுகிறேன்.

ஒரு ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடுபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே பதினான்கு பேர் நிற்கிறார்கள். காரணம், கிடங்கிலிருந்து அரிசி மூட்டை வரவில்லை. பில் போடுபவரை மட்டும் பார்த்தால் கடையில் வேலையே இல்லை. வரிசையைப் பார்த்தால் கூட்டம் நெரிகிறது. பில் போடுபவர்தான் சிபியு. மூட்டை, டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ வர வேண்டிய தரவு.

பழைய யூனிக்ஸ் கணினிகளில் லோட் என்பது சிபியுவுக்காக நிற்பவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். லினக்ஸில் 1993இல் ஒரு திருத்தம் வந்தது. அதிலிருந்து, டிஸ்க் போன்றவற்றுக்காகக் காத்திருந்து எழுப்பவே முடியாத தூக்கத்தில் இருக்கும் புராசஸ்களையும் (ஓட்டத்திலுள்ள நிரல்களையும்) சேர்த்தே லினக்ஸ் எண்ணுகிறது. புராசஸ் பட்டியலில் அவற்றின் நிலை 'டி' (D) என்ற ஒற்றைப் பெரிய எழுத்தாகத் தெரியும்.

அந்த டி-காரர்களைப் பிடிக்க 'பிஎஸ் -இஓ ஸ்டேட்,பிஐடி,டபிள்யூசான்,சிஎம்டி' (ps -eo state,pid,wchan,cmd) என்று அடியுங்கள். டி-யில் தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். டபிள்யூசான் பத்தியில், அந்தப் புராசஸ் கெர்னலுக்குள் எந்த இடத்தில் தூங்குகிறது என்ற பெயர் வரும். டபிள்யூஏ என்பது பெரும்பாலும் சர்வரின் சொந்த டிஸ்க்குக்காகக் காத்த நேரம். உங்களுக்கு அது 0 என்பதால், உள்ளிருக்கும் டிஸ்க்கை நான் சந்தேகிக்கவில்லை. வேறொரு சர்வரின் கோப்புறையை நெட்வொர்க் வழியாக இணைத்து வைத்திருக்கிறீர்களா? அந்த சர்வர் படுத்துவிட்டால், அதைத் தொட்ட ஒவ்வொரு நிரலும் டி நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். டபிள்யூசானில் என்எஃப்எஸ் அல்லது ஆர்பிசி என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் உறுதி.

அப்படிப்பட்ட நேரத்தில் 'டிஎஃப்' தட்டாதீர்கள். அதுவும் அந்தச் செத்த கோப்புறையைத் தொடும், தானும் தூங்கிவிடும், லோட் 15 ஆகும். 'டிஎஃப் -எல்' என்று அடித்தால் சொந்த டிஸ்க்குகளோடு நின்றுகொள்ளும்.

லோட் என்று காட்டும் மூன்று எண்கள் முறையே கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதென்றால் தொல்லை வளர்கிறது. சிறிதென்றால் வடிகிறது.

கே: சர்வரில் 100 சதவீதம் இடம் நிறைந்துவிட்டது. 40 ஜிபி அளவுக்கு வளர்ந்திருந்த லாக் கோப்பை அழித்துவிட்டேன். ஆனாலும் 'டிஎஃப்' 100 சதவீதம் என்றே காட்டுகிறது. 'டியூ' கட்டளையோ மொத்தமே 12 ஜிபி என்கிறது. 40 ஜிபி எங்கே போனது?
– அச்சகக் கணினிப் பொறுப்பாளர், மதுரை

ப: தம்பி, நீங்கள் அழித்தது கோப்பின் பெயரை. கோப்பு அப்படியே இருக்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் பெயர் வேறு, கோப்பு வேறு. வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை போன்றதுதான் கோப்பின் பெயர். பலகையைக் கழற்றிவிட்டால் தபால்காரருக்கு வீடு தெரியாது. உள்ளே குடியிருப்பவர் காலி செய்துவிட்டார் என்று ஆகாது. 'ஆர்எம்' கட்டளை கெர்னலிடம் கேட்கும் வேலையின் பெயரே 'அன்லிங்க்', அதாவது முடிச்சை அவிழ்ப்பது. பெயர் எதுவும் மிச்சமில்லாமல், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். உங்கள் அச்சக மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரில்லாத கோப்பில் இந்த நொடியிலும் எழுதிக்கொண்டிருக்கிறது.

'டியூ' ஒவ்வொரு கோப்புறையாகப் போய்ப் பெயர்களைப் பார்த்துக் கூட்டுகிறது. பெயரில்லாதது அதன் கண்ணில் படாது. 'டிஎஃப்' நேராகக் கோப்பு அமைப்பிடமே கணக்கைக் கேட்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது ஒரு கட்டளை பழுது என்று நினைக்காதீர்கள். அந்த வித்தியாசம்தான் தடயம்.

ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடிக்க 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று, நிர்வாகி உரிமையோடு அடியுங்கள். கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று. பெயரிழந்தும் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் பட்டியலிடும். எந்த நிரல், அதன் புராசஸ் எண், திறந்த கோப்புக்கு நிரல் வைத்திருக்கும் கைப்பிடி எண், எவ்வளவு பெரிது என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பர்டூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விக் ஏபெல் எழுதிய கருவி இது. எத்தனையோ இரவுகளில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த மனிதருக்கு நான் மனதுக்குள் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

கண்டுபிடித்த பிறகு, அந்த ஒரு சேவையை மட்டும் நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். முழு சர்வரையும் அணைக்க வேண்டியதில்லை. அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தவே முடியாது என்றால் இன்னொரு வழி உண்டு. புராசஸ் எண் 4312, கைப்பிடி எண் 7 என்று வைத்துக்கொள்வோம். 'ட்ரங்கேட் -எஸ் 0 /பிராக்/4312/எஃப்டி/7' (truncate -s 0 /proc/4312/fd/7) என்று அடித்தால், கோப்பு திறந்திருக்கும்போதே அதன் உள்ளடக்கம் காலியாகி இடம் திரும்பிவிடும். எண்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அடியுங்கள். அங்கே இருப்பது லாக் கோப்புதானா, தரவுத்தளக் கோப்பா என்று தெரியாமல் கை வைத்தால் அதற்கு மருந்தே இல்லை.

இனிமேல் ஓடும் மென்பொருளின் லாக்கை 'ஆர்எம்' செய்யாதீர்கள், காலி செய்யுங்கள். அல்லது 'லாக்ரொட்டேட்' என்ற கருவியிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் மென்பொருளின் லாக் எங்கே எழுதப்படுகிறது என்று அதற்கு ஒரு சிறு கோப்பில் சொல்லிவைத்தால் போதும்.

இடம் நிறைந்துவிட்டது என்ற புகாருக்கு இன்னும் சில முகங்கள் உண்டு. 'டிஎஃப் -எச்' 60 சதவீதம் என்று காட்டும். ஆனாலும் “இடமில்லை” என்ற பிழை வரும். அப்போது 'டிஎஃப் -ஐ' பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவேட்டு இடம் வேண்டும். டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே அதன் எண்ணிக்கை முடிவாகிவிடும் கோப்பு அமைப்புகளில், லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் இடம் இருந்தும் பதிவேடு நிறைந்துவிடும். அனுப்பப்படாமல் தேங்கிய மின்னஞ்சல்களும், யாரும் துடைக்காத தற்காலிகக் கோப்புகளும் இதைச் செய்யும். இன்னொன்று, எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைக்கிறது. சாதாரண நிரல்களுக்கு அது கிடைக்காது. கணக்கு உதைத்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

மருத்துவமனையில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேக்கப் எடுப்பதற்கென்று ஒரு வெளி டிஸ்க் 'பேக்கப்' என்ற கோப்புறையில் இணைந்திருக்கும். ஓர் இரவு அதன் இணைப்பு துண்டித்துவிட்டது. பேக்கப் நிரலுக்கு அது தெரியாது. கோப்புறை இருக்கிறதே என்று சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே 60 ஜிபியைக் கொட்டிவிட்டது. காலையில் யாரோ வெளி டிஸ்க்கை மீண்டும் இணைத்துவிட்டார்கள். இணைத்த டிஸ்க் மேலே வந்து மூடிக்கொண்டதால் அடியில் கிடந்த 60 ஜிபி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 'டியூ' பார்த்தோம், 'எல்எஸ்ஓஎஃப்' பார்த்தோம், ஒன்றும் இல்லை. அரை நாள் போயிற்று. கடைசியில் வெளி டிஸ்க்கின் இணைப்பை அவிழ்த்துவிட்டு அந்தக் கோப்புறையைப் பார்த்தபோதுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. மறுநாளே பேக்கப் நிரலின் முதல் வரியாக 'மவுண்ட்பாயின்ட்' என்ற சோதனையைச் சேர்த்தேன். டிஸ்க் இணைந்திருந்தால்தான் அடுத்த வரிக்குப் போகும். பேக்கப் வைத்திருக்கும் எல்லோரும் இன்றே இதைச் செய்யுங்கள்.

கே: எங்கள் பள்ளி சர்வரில் 8 ஜிபி ரேம். 'ஃப்ரீ -எம்' பார்த்தால் 210 எம்பிதான் மிச்சம் என்கிறது. கூடுதல் ரேம் வாங்கச் சொல்லித் தாளாளரிடம் கேட்கப் போகிறேன். எவ்வளவு வாங்கலாம்?
– பள்ளி அலுவலகம், கரூர்

ப: தாளாளரிடம் இன்னும் கேட்கவில்லையே? நல்லது. நீங்கள் அனுப்பிய படத்தில் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 'அவெய்லபிள்' என்ற தலைப்பின் கீழ் 5100 எம்பி இருக்கிறது. உங்கள் சர்வரில் உண்மையில் கைக்கு எட்டும் நினைவகம் அவ்வளவு. ஒருமுறை படித்த கோப்புகளை லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் வைத்துக்கொள்ளும். யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அது வீணல்ல, அதனால்தான் இரண்டாவது முறை கோப்பைத் திறக்கும்போது வேகமாக வருகிறது. இந்தப் பத்திக்கான கணக்கைக் கெர்னலே தரத் தொடங்கியது 2014இல். அதற்கு முன் இதே குழப்பத்தில் பலர் தேவையில்லாமல் ரேம் வாங்கினார்கள்.

ரேம் உண்மையில் போதவில்லை என்றால் இரண்டு அறிகுறிகள் தெரியும். 'விஎம்ஸ்டாட் 1' தட்டினால் எஸ்ஐ, எஸ்ஓ என்ற பத்திகளில் தொடர்ந்து எண்கள் ஓடும். ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் நினைவகத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சுமக்கிறது என்று பொருள். அதையும் மீறினால், கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். அது 'டிமெசேஜ்' பட்டியலில் “அவுட் ஆஃப் மெமரி” என்று பதிவாகியிருக்கும். இரண்டும் இல்லாதவரை அந்தப் பணத்தில் பள்ளிக்கு நல்ல பேக்கப் டிஸ்க் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

கே: கணக்கு மென்பொருள் ஓடும் சர்வருக்கு, கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் 'பிங்' போகிறது. ஆனால் பிரவுசரில் “கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு” என்று வருகிறது. மென்பொருள் கொடுத்தவர் நெட்வொர்க் கோளாறு என்கிறார். நெட்வொர்க் போட்டவர் மென்பொருள் கோளாறு என்கிறார். நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.
– சரக்கு முகவர் அலுவலகம், தூத்துக்குடி

ப: உங்கள் வேதனை புரிகிறது. இந்த இருவர் சண்டையைத் தீர்க்கும் சாட்சி, பிழைச் செய்தியிலேயே இருக்கிறது.

“ரெஃப்யூஸ்டு” என்றால், நீங்கள் கதவைத் தட்டினீர்கள், உள்ளிருந்து “இங்கே யாரும் இல்லை” என்று பதில் வந்தது. பதில் வந்ததே, அப்படியானால் பாதை நன்றாக இருக்கிறது. “டைம்டு அவுட்” என்றால், தட்டினீர்கள், பதிலே வரவில்லை. பாதை அறுந்திருக்கலாம், கணினி படுத்திருக்கலாம், அல்லது நடுவில் நெட்வொர்க்கின் காவலனான ஃபயர்வால் உங்கள் தட்டலைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். ஃபயர்வால் சில வேளைகளில் “ரெஃப்யூஸ்டு” என்றும் பதில் சொல்லும். ஆனாலும் முதல் சந்தேகம் எப்போதும் மென்பொருளின் மீதுதான்.

சர்வரின் முன் உட்கார்ந்து 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' (ss -ltnp) அடியுங்கள். எந்தெந்த வாசலில் எந்தெந்த நிரல் காது கொடுத்து நிற்கிறது என்ற பட்டியல் வரும். உங்கள் மென்பொருளின் வாசல் எண், அதாவது போர்ட் எண், 8080 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் பட்டியலிலேயே இல்லை என்றால் மென்பொருள் ஓடவில்லை. 127.0.0.1:8080 என்று இருந்தால், அது தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து எத்தனை முறை தட்டினாலும் திறக்காது. உங்கள் நிலைமை பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். 0.0.0.0:8080 என்றோ நட்சத்திரக் குறியோடோ இருந்தால் மென்பொருள் குற்றமற்றது, ஃபயர்வாலைப் பாருங்கள். எது வந்தாலும் படம் எடுத்து இருவருக்கும் அனுப்புங்கள். அதற்குப் பிறகு வாக்குவாதம் நடக்காது.

'பிங்' போவது கணினி உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். 'பிங்' போகவில்லை என்பதோ எதற்கும் சான்றில்லை. பல இடங்களில் அதைத் தடுத்து வைத்திருப்பார்கள். அதற்காக 'பிங்'கின் மதிப்பைக் குறைத்து எண்ணாதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் முஸ், 1983 டிசம்பரில், நெட்வொர்க் ஒன்று தொல்லை கொடுத்தபோது இதை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலியைத்தான் பெயராக வைத்தார். அவர் மகிழ்ந்து சொன்ன ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நிர்வாகியின் நெட்வொர்க் விட்டுவிட்டு வேலை செய்தது. எந்தக் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. அவர் ஒவ்வொரு பதில் வரும்போதும் கணினி “பிங்” என்று உரக்கச் சொல்லும்படி செய்துவிட்டு, ஒலியைக் கூட்டிவைத்து, கட்டடம் முழுவதும் நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். எந்த இடத்தில் ஆட்டியபோது குரல் நின்றதோ அதுதான் பழுதான இணைப்பு. கருவியைக் காதோடு இணைத்த அந்த நிர்வாகியைப் போல நாமும் யோசிக்கப் பழக வேண்டும்.

கே: தொங்கிப்போன நிரல்களை எப்போதும் 'கில் -9' கொடுத்தே நிறுத்துகிறேன். சீனியர் ஒருவர் திட்டினார். என்ன தவறு?
– டிப்ளமோ மாணவி, திருச்சி

ப: உங்கள் சீனியர் சொன்னது சரி. எண் கொடுக்காமல் 'கில்' அடித்தால் 15ஆம் சைகை போகும். “முடித்துக்கொண்டு வெளியே வா” என்று நிரலிடம் சொல்வது அது. நிரல் கையிலுள்ள கோப்பை எழுதி முடித்து, பூட்டுகளைத் திறந்து, ஒழுங்காக வெளியேறும். 9ஆம் சைகை நிரலின் காதுக்கே போகாது. கெர்னல் நேராகத் துண்டித்துவிடும். தரவுத்தளத்தின் மீது அதைப் பிரயோகித்தால் மறுபடி எழும்போது பழுதுபார்க்கவே வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். முதலில் 15. அரை நிமிடம் பொறுமை. பிறகே 9. அதற்கும் அசையவில்லை என்றால், அது சென்னைத் தம்பிக்குச் சொன்ன டி நிலையாக இருக்கும். காத்திருக்கும் தரவு வரும்வரை 9-க்கும் அது பெரும்பாலும் அசையாது.

கே: 'ஹெச்டாப்' வண்ண வண்ணமாக எல்லாவற்றையும் காட்டுகிறதே, பழைய 'டாப்', 'பிஎஸ்' எல்லாம் எதற்கு?
– இணைய சேவை மையம், சேலம்

ப: ஹிஷாம் முகமது எழுதிய 'ஹெச்டாப்' அருமையான கருவி, நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் இடம் நிறைந்து, இணையமும் இல்லாத சர்வரின் முன் நள்ளிரவில் உட்காரும்போது புதிதாக ஒன்றை நிறுவ முடியாது. அங்கே ஏற்கெனவே இருப்பதுதான் உங்கள் கையிருப்பு. வில்லியம் லெஃபீவர் 1984இல் எழுதத் தொடங்கிய 'டாப்'பின் பாணியில் அமைந்த கருவி அநேகமாக எல்லா சர்வரிலும் இருக்கும். இவை எல்லாம் எண்களை எடுப்பது ஒரே கிணற்றிலிருந்து, அதாவது 'பிராக்' என்ற கோப்புறையிலிருந்து. 'கேட் /பிராக்/லோட்ஆவரேஜ்' என்பதை, கடைசிச் சொல்லை ஆங்கிலத்தில் லோட், ஏவிஜி என்று சேர்த்து அடித்துப் பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமலே சுமை தெரியும்.

கே: இரவு 2 மணிக்கு மேல் எங்கள் பில் சர்வர் இருபது நிமிடம் மந்தமாகிவிடுகிறது என்று இரவுப் பணியாளர் சொல்கிறார். நான் காலை 9 மணிக்கு வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. தூங்காமல் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லையா?
– ஜவுளி மொத்த விற்பனை நிலையம், ஈரோடு

ப: இருக்கிறது, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். 'சிஸ்ஸ்டாட்' என்ற தொகுப்பை நிறுவுங்கள். செபாஸ்டியன் கொடார் எழுதிப் பராமரிப்பது. வழக்கமான அமைப்பில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுமை, நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் குறித்துவைக்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் நிறுவினால் மட்டும் போதாமல் போகலாம். 'இடிசி' கோப்புறையில் 'டிஃபால்ட்' என்பதன் உள்ளே 'சிஸ்ஸ்டாட்' என்ற கோப்பு இருக்கும். அதில் எனேபிள்டு என்பது ஃபால்ஸ் என்றிருந்தால் ட்ரூ என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ஒரு மாதம் காத்திருந்து, கடைசியில் வெறும் கோப்புறையைக் கண்டு நொந்துபோன இளைஞர்களை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை, அந்தத் தொகுப்பிலுள்ள 'சார்' (sar) கட்டளையை 'சார் -கியூ -எஸ் 01:30:00 -இ 03:00:00' என்று அடித்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தின் சுமை வரிசையாக வரும். கியூ-வுக்குப் பதில் டி (d) போட்டால் டிஸ்க், ஆர் போட்டால் நினைவகம். எந்த நிமிடத்தில் எண் ஏறுகிறது என்று பிடித்ததும், அந்த நேரத்துக்கு யார் அலாரம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'கிரான்டேப் -எல்' ஒன்று, 'இடிசி' கோப்புறையில் கிரான் என்று தொடங்கும் எல்லாக் கோப்புறைகளும் ஒன்று, 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்' ஒன்று. மூன்றையும் பார்க்க வேண்டும். இரவு 2 மணி என்பது மனிதர்கள் பேக்கப்புக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கும் நேரம். என் ஊகம் அதுதான், ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு பேக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.

அதே நேரத்து லாக்குகளை 'ஜர்னல்சிடிஎல் --சின்ஸ் 02:00 --அன்டில் 02:30' காட்டும். ஒன்றை மட்டும் இன்றே சரிபாருங்கள். 'வார்' கோப்புறையின் 'லாக்' என்பதற்குள் 'ஜர்னல்' என்ற கோப்புறை இருக்கிறதா? இல்லையென்றால் அந்த லாக்குகள் நினைவகத்தில் மட்டும் இருக்கின்றன. இரவுப் பணியாளர் பொறுமை இழந்து ரீஸ்டார்ட் செய்தால் அவையும் போய்விடும். கோப்புறையை உருவாக்கி ஜர்னல் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால், அடுத்த ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் 'ஜர்னல்சிடிஎல் -பி -1' (journalctl -b -1) என்று அடித்து முந்தைய ஓட்டத்தின் பதிவுகளைப் படிக்கலாம்.

ஒரு வாரத்து 'சார்' பதிவுகள் சேர்ந்ததும், 1:50 முதல் 2:30 வரையிலான வரிகளைத் தாளில் அச்செடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் பத்தி முதலில் ஏறுகிறது என்று அடுத்த மாதம் இதே பக்கத்தில் சேர்ந்து பார்ப்போம்.